கெண்டைக்காலுக்குப் பட்டையா, பாரமா?

பினாங்கு தாவரவியல் பூங்கா வாசலில் ஞாயிறு காலை கூடும் எங்கள் ஓட்டக் கூட்டத்தில் இப்போது இதுதான் வழக்கு. இளவட்டங்கள் கெண்டைத் தசையை வளர்க்க, இரத்த ஓட்டத்தை மட்டுப்படுத்தும் பட்டையைத் தொடையில் கட்டிக் குதிகாலை உயர்த்துகிறார்கள். நானோ ஐந்து கிலோ அரிசி திணித்த முதுகுப் பையோடு படி விளிம்பில் ஒற்றைக்காலில் நிற்கிறேன். (அந்த அரிசியை வீட்டில் இன்னும் தேடவில்லை.)

பட்டைக்குக் கெண்டைக்கால்தான் பிறப்பிடம். 1966-இல் ஜப்பானில் ஒரு நீத்தார் சடங்கில் மண்டியிட்டு அமர்ந்திருந்த யோஷியாக்கி சாத்தோ, மரத்துப்போன கெண்டை கடும் பயிற்சிக்குப் பின்போல் விண்ணென்று இருப்பதைக் கவனித்தார். அதுவே பட்டைப் பயிற்சிக்கு வித்து. நாளத்தில் திரும்பும் இரத்தத்தைத் தடுத்து, தமனியில் வருவதை ஓரளவு குறைப்பதே இதன் சூட்சுமம். ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச பாரத்தில் 20-30 விழுக்காடு போதும். 30, 15, 15, 15 முறை என்று நான்கு சுற்று, இடையில் 30 வினாடி. இரண்டாம் சுற்றிலேயே கெண்டை கல்லாகிவிடும். அவிழ்த்ததும் வெந்நீர் ஊற்றியதுபோல் சூடு இறங்கும்.

தசை பருப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். 2019-இல் வந்த ஜெர்மானிய ஆய்வில், 14 வாரத்தில் குதிகால் தசைநாணின் விறைப்புகூட இரு தரப்பிலும் ஒத்தே கூடியது. இதைப் படித்து எனக்குச் சற்று ரோசம் வந்தது உண்மை. ஆனால் பலம் என்று வந்தால் பாரமே முந்துகிறது. பினாங்கு மலையின் ஜீப் பாதையில் இறங்கும்போது எனக்கு வேண்டியது அந்தப் பலம்தான். முழங்காலை நீட்டிச் செய்தால் மேலே பிதுங்கித் தெரியும் காஸ்ட்ரோக்னீமியஸ் உழைக்கும். உட்கார்ந்து, பாரத்தைத் தொடைமேல் வைத்துச் செய்தால் அடியிலுள்ள சோலியஸ்.

சென்ற ஆண்டு அதே இறக்கத்தில் கெண்டை பிடித்து இழுத்தபோது அரிசிப் பை உதவவில்லை. நிற்கவே முடியாதவனை இயன்முறை மருத்துவர் உட்காரவைத்து, காற்றடிக்கும் பட்டையைக் கட்டி, அழுத்தத்தை அளந்து, பாரமில்லாமல் குதிகாலை உயர்த்தச் சொன்னார். அந்த ஆறு வாரத்துக்குப் பட்டைக்கு நிகரில்லை.

பட்டையின் இடம் தொடையின் உச்சி. ஒரு தம்பி மலிவான ரப்பர் வாரை முழங்காலுக்குக் கீழே இறுக்கியிருந்தார். அங்கே வெளிப்புறத்தில் ஒரு நரம்பு எலும்பை ஒட்டி, தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அது நசுங்கினால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். நாளத்தில் இரத்தம் உறைந்த வரலாறு, கால் நாளங்கள் புடைத்துச் சுருளும் நோய் (வெரிகோஸ்), கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

போன வாரம் அதே தம்பி அரிசிப் பையைக் கடன் கேட்டார். வாரை அவிழ்த்த பிறகுதான் கொடுத்தேன்.