கிடங்கு வாசலில் டிஜிலாக்கர்: ஒரு லாரி ஓட்டுநரின் மதிப்பீடு

நீடாமங்கலத்தில் பத்துச் சக்கர லாரி ஒன்றைச் சொந்தமாக வைத்து நானே ஓட்டி வருகிறேன். குறுவை, சம்பா அறுவடைகளின்போது கொள்முதல் நிலையத்து நெல்லையும், மற்ற மாதங்களில் அரிசி, உரம், சிமெண்டையும் ஏற்றுவேன். லோடு ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் இப்போது வாசலிலேயே ஓட்டுநரின் அடையாளத்தைக் கேட்கிறார்கள். அங்கெல்லாம், அரசு தரும் ஆவணங்களைக் கைப்பேசியிலேயே வைத்துக் காட்ட உதவும் டிஜிலாக்கர் செயலி எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை இரண்டு அறுவடைகளில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அடையாளம் கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். சரக்கைக் கொண்டுசெல்ல எடுக்கும் மின்னணுச் சீட்டான ஈ-வே பில்லில் வண்டி எண் இருக்கும். ஓட்டுநரின் பெயர் இருக்காது. போலி நம்பர் பிளேட் மாட்டிய வண்டியோடு ஒருவன் வந்து நின்றால், காகிதத்தை மட்டும் பார்த்து ஏற்றிவிடுகிற கிடங்கு அந்தச் சரக்கை மறுபடியும் பார்க்கப்போவதில்லை. 40 கிலோ மூட்டைகள் நானூறு ஏறிய வண்டியில் பத்து மூட்டை குறைந்தால் முதலில் சந்தேகம் விழுவது ஓட்டுநர்மேல்தான் என்பதால், யார் ஏற்றினார், யார் கொண்டுவந்தார் என்ற பதிவு நேர்மையாகத் தொழில் செய்கிற எங்களுக்கே முதல் பாதுகாப்பு.

என் வருத்தம், காட்டிய அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு தனியார் கிடங்கில், "அண்ணே, லைசென்ஸை வச்சுட்டுப் போங்க, இறக்கிட்டு வாங்கிக்கலாம்" என்றார் வாட்ச்மேன். ரப்பர் பேண்டு போட்ட அட்டைகள் ஏற்கெனவே நிறைந்திருந்த பிஸ்கட் டின் ஒன்றில் என்னுடையதும் சேர்ந்தது. ஆதார் நகல் ஒன்றும் கேட்டார்கள். மேசைமேல் அப்படிப்பட்ட நகல்கள் கட்டாகக் கிடந்தன. மேலே இருந்த ஒன்றின் பின்பக்கத்தில் யாரோ பேனாவால் மூட்டைக் கணக்குப் போட்டிருந்தார்கள். இரவு பதினொரு மணிக்கு இறக்கி முடித்து வந்து கேட்டபோது, பகல் ஆள் டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியோடு போய்விட்டதாகப் புதிய ஆள் சொன்னார். காலை எட்டு மணி வரை கேபினிலேயே படுத்திருந்தேன். காரைக்காலில் எனக்காகப் பேசி வைத்திருந்த லோடு அதற்குள் வேறு வண்டிக்குப் போய்விட்டது.

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130 ஆவது பிரிவின்படி, சீருடையில் உள்ள காவல் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். ஆவணத்தைக் கைப்பற்றி வைக்கும் அதிகாரத்தை 206 ஆவது பிரிவு காவல் அதிகாரிக்கும் அரசு அதிகாரம் அளித்தவருக்கும்தான் தருகிறது. கிடங்கின் வாட்ச்மேன் அந்த வரிசையில் இல்லை.

அந்த இரவுக்குப் பிறகுதான் டிஜிலாக்கரைக் கைப்பேசியில் ஏற்றினேன். 2015 இல் மத்திய அரசு தொடங்கிய இந்தச் சேவையின் வழியாகக் காட்டப்படும் ஓட்டுநர் உரிமத்தையும் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யையும் அசலுக்கு இணையாக ஏற்க வேண்டும் என்று 2018 ஆகஸ்டில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்து உள்ளே போய், உரிம எண்ணைப் பதிந்தால், போக்குவரத்துத் துறையின் பதிவேட்டிலிருந்தே உரிமம் வந்துவிடுகிறது. இப்படித் துறையிலிருந்து நேரடியாக வருவதற்குத்தான் அந்த மதிப்பு. நாமே படம் எடுத்து ஏற்றி வைப்பது வெறும் படம்தான். என்னோடு ஓடுகிற பலருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

வாசலில் இதனால் கிடைக்கும் பெரிய நன்மை, திரையைக் காட்டலாம், ஆனால் யாரும் அதை டின்னில் போட்டுப் பூட்ட முடியாது. ஆதார் கட்டாயம் வேண்டும் என்கிற இடங்களில், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கிறேன். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அதைப் பதிவிறக்கலாம்.

குறைகளும் உண்டு. உரிமத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் முன்னெழுத்து மட்டும், மற்றொன்றில் அப்பா பெயர் முழுவதும் என்று வைத்திருக்கிற நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இங்கேயே தடங்கல் வருகிறது. கணினிப் பதிவுக்கு முன்பு கையால் எழுதிக் கொடுத்த பழைய உரிமங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவேறாமல் செயலிக்குள் வருவதில்லை. வயல்வெளிக்கு நடுவே இருக்கும் கொள்முதல் நிலையங்களில் சிக்னல் சரியாகக் கிடைக்காததால், ஊரைத் தாண்டும் முன்பே செயலியைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பட்டன் போன் வைத்திருக்கும் மூத்த ஓட்டுநர்களுக்கு இது எட்டாத வசதி என்பதை வேதனையோடுதான் எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலை இருக்கிறது. அங்கே வாசலில் இருக்கும் பெரியவர் திரையில் உள்ள படத்தையும் என் முகத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பார். பெயர், உரிம எண், வண்டி எண், நேரம் நான்கையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். அட்டையோடு வருபவர்களிடம் எழுதி முடித்த கையோடு அட்டையைத் திருப்பித் தந்து டோக்கன் கொடுப்பார். இதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. செயலியைப் பற்றி ஒன்றும் தெரியாத என் சித்தப்பாவும் அங்கே அட்டையைப் பையில் வைத்துக்கொண்டேதான் எடைமேடைக்குப் போகிறார்.