பிச்சாவரம்: தனியாளுக்குத் துடுப்புப் படகுதான்

பறவை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் மோட்டார் படகு வேண்டவே வேண்டாம். சத்தத்துக்குக் கொக்கெல்லாம் எழுந்து போய்விடும். குறுகலான வாய்க்கால்களுக்குள் அது நுழையவும் நுழையாது. சுரபுன்னை மரங்களின் முட்டுவேர்கள் இரண்டு பக்கமும் நெருக்கி, கிளைக்குக் குனிந்து குனிந்து போகிற அந்த வாய்க்கால்களைப் பார்க்காமல் திரும்பினால் என்னத்துக்குப் போனது?

வாடகை படகுக்குத்தான், தலைக்கு இல்லை. தனியாகப் போனால் முழுக் காசும் நம் கையிலிருந்துதான். எனக்கு அது கட்டுப்படியாகிறது. பக்கத்தில் யாரும் போனில் பாட்டுப் போட மாட்டார்கள் அல்லவா. துடுப்புப் போடுபவர் கூடவே வருவார். ஏறும்போதே சொல்லிவிட்டேன்: "அண்ணே, சினிமா எடுத்த இடமெல்லாம் வேணாம். மெதுவா போங்க, பறவை தெரிஞ்சா நிறுத்துங்க." "அப்படின்னா பேச்சே வேணாம்க்கா" என்றவர், அப்புறம் எல்லாவற்றையும் மோவாயாலேயே காட்டினார். கருந்தலை மீன்கொத்தியை அப்படித்தான் பார்த்தேன். கறுப்புத் தலை, வெள்ளைக் கழுத்து, ஊதா முதுகு, பவழச் சிவப்பில் அலகு. வேரில் உட்கார்ந்து சேற்றையே முறைத்துக்கொண்டிருந்தது. ஊர்க் குளங்களில் பார்க்கும் வெண்மார்பு மீன்கொத்தியும் இங்கே உண்டு, ஆனால் அந்தக் கருந்தலைக்காகவே இன்னொரு தடவை போகலாம்.

கடல் ஓதம் இறங்கி நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். அது நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் போன வாரம் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. வற்றினால்தான் சேறு வெளியே வரும். வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கிக் குத்துக்குத்தாக நிற்கும். அவற்றுக்கு நடுவே ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள், சேற்றில் தத்தும் மீன்கள், அவற்றைத் தின்ன உள்ளான் பறவைகள். இருளர்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்து வெறும் கையால் தடவி இறால் பிடிப்பதையும் அப்போது பார்க்கலாம். தயவுசெய்து அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

கிளையைப் பிடித்து இழுத்து போட்டோ எடுக்கும் பழக்கமும் வேண்டாம். தில்லை மரம் நடுநடுவே இருக்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் படாதபாடுதான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வாங்கிக் கொடுத்த அதே மரம்.

பைனாகுலர் 8 மடங்கு போதும். படகு ஆடும்போது 10 மடங்கில் பறவையும் சேர்ந்து ஆடும். வலசைப் பறவைகளுக்கு மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி நல்லது. வார நாளில், கவுன்ட்டர் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பேருந்து உண்டு, 15 கிலோமீட்டர் சுமார். தொப்பி, தண்ணீர் கட்டாயம். வாய்க்காலை விட்டு வெளியே வந்தால் நிழலே கிடையாது.

ஐந்துக்கு நாலரை தருவேன். குறைத்த அந்த அரை மதிப்பெண், நான் எடுத்த ஒரு மணி நேரச் சவாரி போதாமல் போனதற்கு. அடுத்த முறை இரண்டு மணி நேரத்துக்கு எடுக்கப்போகிறேன்.