பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் 2014-இல் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 வந்தபோதே இந்த வயதுப் பெட்டிகளுக்கு அதில் இடமில்லை என்று தெரிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், பிராசஸர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் செல்லும் என்றார்கள். விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடியும் நாள் 2025 அக்டோபர் 14 என்று குறித்துவிட்டார்கள். நன்றாக ஓடுகிற பெட்டியைக் காயலான் கடைக்குப் போட மனசில்லை. 2022 கடைசியில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 21-ஐ ஏற்றினேன். இப்போது 22-இல் ஓடுகிறது.

நிறுவியதைப் பற்றி எழுத அதிகமில்லை. கிட்டத்தட்ட 3 ஜிபி கோப்பை இறக்கி, பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து, கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொன்னால் டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வீட்டில் நான்கு பேர் அதில் உட்கார்ந்து தினமும் வேலை பார்ப்பதுதான் விஷயம்.

வேகத்தைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். "லினக்ஸ் போட்டேன், கம்ப்யூட்டர் பறக்கிறது" என்று எழுதுபவர்களில் பாதிப் பேர் கூடவே, ஹார்ட் டிஸ்கைவிட வேகமான எஸ்எஸ்டியும் மாட்டியிருப்பார்கள். நானும் மாட்டினேன், ராமையும் 8 ஜிபி ஆக்கினேன். புண்ணியத்தில் பெரும்பங்கு எஸ்எஸ்டிக்குத்தான். மின்டின் பங்கு, சும்மா இருக்கும்போது அது நிஜமாகவே சும்மா இருப்பது. அவசரமாக ஒரு பிரிண்ட் எடுக்கப் போகும் நேரத்தில் 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று நீலத் திரை போட்டு உட்காருவதில்லை. அப்டேட் இருந்தால் மூலையில் ஒரு கேடயச் சின்னம் காட்டும். நாம் எப்போது சொல்கிறோமோ அப்போது செய்யும்.

விண்டோஸையும் பழைய டிஸ்கில் விட்டு வைத்திருந்தேன். முதல் வாரத்திலேயே அப்பா கேட்டார்: "என்னப்பா இது, பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டா நாலரைன்னு காட்டுது?" மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கும் பொது நேரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம், அதனால்தான் பத்து நாலரையாகிறது. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்ததும் சரியாகிவிட்டது. ராகுகாலம் பார்த்து வேலை தொடங்குகிறவர் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

சரி, தமிழுக்கு வருகிறேன். மற்ற விமர்சனங்களில் இந்தப் பகுதி ஒரு வரியில் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் பாதி உழைப்பு இதற்குத்தான் போனது.

தட்டச்சு எளிது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுக் கருவிகள் இரண்டையும் நிறுவி, ஒருமுறை லாக் அவுட் செய்து வந்தால் தமிழுக்கே பல விசைப்பலகைகள் வரிசையில் நிற்கும். அப்பா அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர், அவருக்குப் பழைய தட்டச்சு முறை. மனைவி தமிழாசிரியை, அவருக்குத் தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட அதே விசைப்பலகைதான். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். மகளுக்குப் போனில் பழகிய மாதிரி ஒலிப்பு முறை. மூன்று பேருக்கும் தனித்தனி கணக்கு வைத்துவிட்டேன், ஒருவர் விசைப்பலகை இன்னொருவருக்கு வந்து சண்டை வருவதில்லை.

சிக்கல் அப்பாவின் பழைய கோப்புகளில் இருந்தது. ஆதம்பாக்கத்தில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தீர்மானங்கள், உறுப்பினர் பட்டியல், மாநகராட்சிக்கு எழுதிய மனுக்கள் என்று வருடக்கணக்கில் சேர்ந்த அத்தனையும் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினி மாதிரி எழுத்துருக்கள், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாகத் தெரியும். அதுதான் 'தமிழ்' என்ற சொல்.

எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் நிறுவியதும், எம்எஸ் ஆபிஸ் மாதிரியான இலவச மென்பொருள் லிப்ரே ஆபிஸில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கோப்புகளுக்குள் யூனிகோட் தமிழில் அடித்து எதையும் தேட முடியாது. விண்டோஸிலும் முடிந்ததில்லை, அப்போது யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். 'மழைநீர்க் கால்வாய்' என்று எழுதிய மனு எந்த வருடத்தது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தோம். அரசே 2010-இல் யூனிகோடுக்கு வந்துவிட்ட பிறகு நாம் ஏன் இதைக் கட்டி அழ வேண்டும் என்று மாற்ற உட்கார்ந்தோம். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது, மொத்தமாக ஓட்டலாம். ஒரே தலைவலி, தமிழுக்கு நடுவில் வரும் ஆங்கிலம். மாற்றிக்கு எது ஆங்கிலம் என்று தெரியாது, மின்னஞ்சல் முகவரிகளையும் தமிழாக்கித் தள்ளிவிட்டது. உறுப்பினர் பட்டியலை மட்டும் அப்பா சாயங்காலங்களில் உட்கார்ந்து கையால் திருத்தினார். இப்போது தேடுபெட்டியில் 'கால்வாய்' என்று அடித்தால் எல்லா மனுவும் வந்து நிற்கிறது. எங்களை விண்டோஸோடு கட்டிப் போட்டிருந்ததே இந்த எழுத்துருதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை மாற்றிய பிறகு எந்தக் கணினியில் எது ஓடினால் என்ன என்றாகிவிட்டது.

மனைவியின் வினாத்தாள்கள் வேறு ரகம். யூனிகோட்தான், ஆனால் லதா எழுத்துருவில் அமைத்தவை. லதா விண்டோஸுக்கான எழுத்துரு. இங்கே அது இல்லாததால் லிப்ரே ஆபிஸ் வேறு தமிழ் எழுத்துருவைப் போடும். எழுத்தின் அகலம் மாறி, இரண்டு பக்கத்தில் அடங்கிய தாள் மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரி தள்ளி நிற்கும். அதற்கு அவர் கண்ட வழி, பள்ளிக் கணினியிலும் இங்கேயும் முக்தா மலரை நிறுவியது. இலவச எழுத்துரு, பார்க்கவும் அழகு. அச்சுக்குக் கொடுப்பதைப் பிடிஎஃப் ஆகவே கொடுத்துவிடுகிறார்.

பிரிண்டர் விஷயத்தில் நான் தோற்றேன். பழைய லேசர் பிரிண்டருக்கு, நிறுவனம் எப்போதோ வெளியிட்ட லினக்ஸ் டிரைவர் ஒன்று இருந்தது. ஒருநாள் அச்சடிக்கும், மறுநாள் வரிசையில் வேலை நிற்கும், காகிதம் வராது. கொஞ்ச நாள் மல்லுக்கட்டிவிட்டு அதைத் தெரிந்தவருக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு வாங்கிய வைஃபை பிரிண்டரை மின்ட் தானே கண்டுபிடித்தது. ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்று போட்டிருக்கும் மாடல்களுக்குத் தனி டிரைவரே தேவையில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியில் அதைப் பார்த்து வாங்கினால் போதும்.

நான் எதிர்பார்க்காத லாபம் பென்டிரைவில் வந்தது. ஜெராக்ஸ் கடைக்குப் போய் வரும் பென்டிரைவ் எப்படித் திரும்பும் என்று எல்லோருக்கும் தெரியும்: ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகியிருக்கும், உள்ளே இருந்தது காணாமல் போயிருக்கும். உண்மையில் எதுவும் போகாது. வைரஸ் நம் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் போலியை வைக்கிறது. லினக்ஸில் செருகினால் மறைத்தவையும் போலியும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். போலியை அழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம், அந்த வைரஸ் இங்கே ஓடாது. மாடி வீட்டுக்காரர்கூட இப்போது பென்டிரைவோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

மின்கட்டணம், சொத்து வரி, மெட்ரோ வாட்டர், ரயில் டிக்கெட் எல்லாம் பிரவுசர் வேலை, எந்தக் குறையும் இல்லை. படம் பார்ப்பதும் அப்படியே, ஆனால் சில ஓடிடி தளங்களில் உயர் தரத்தில் வருவதில்லை. டிவியில் பார்த்துக்கொள்கிறோம்.

முடியாதது டேலி. சங்கத்தின் கணக்கு அதில் இருக்கிறது, ஆடிட்டர் அதைத்தான் கேட்பார். அது விண்டோஸுக்கு மட்டும் வரும் மென்பொருள். அதற்காகவே பழைய டிஸ்கில் விண்டோஸ் 10 இன்னும் இருக்கிறது. 2025 அக்டோபருக்குப் பிறகு அதற்கு இணைய இணைப்பு கொடுப்பதில்லை. கணக்கு எழுதும் பையன் மாதத்துக்கு ஒருமுறை வந்து அதில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். இப்படி வைத்துக்கொள்பவர்கள் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த டிஸ்கை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது.

இந்த ஊரில் இலவச இயங்குதளம் புதிதில்லை என்பதும் நினைவுக்கு வருகிறது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-லேயே வந்தது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதையும் சேர்த்தே கொடுத்தார்கள். நான் பார்த்த வீடுகளில் பிள்ளைகள் அந்தப் பக்கம் போனதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சையும் பிரிண்டரையும் சரிசெய்து கொடுக்க ஆள் இருந்திருந்தால் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

21-இலிருந்து 22-க்கு மாறியதற்கு ஒரு சாயங்காலம் ஆனது. டைம்ஷிஃப்ட் என்ற காப்பு நகல் கருவியில் ஒரு நகல் எடுத்து வைத்தால்தான் மேலே போக விடுகிறது, அது நல்ல கண்டிப்பு. கோப்புகள், எழுத்துருக்கள், விசைப்பலகைகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. இந்தப் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு, அதுவரை பெட்டி தாங்குமா என்பதுதான் கேள்வி.

போட நினைப்பவர்கள் நேரே நிறுவ வேண்டாம். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் டிஸ்கைத் தொடாமலே முழு இயங்குதளமும் ஓடும். அதிலேயே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள், உங்கள் பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள், ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வேலை செய்யவில்லை என்றால் பயப்பட வேண்டாம். போனைக் கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும், டாங்கிளுக்கான டிரைவரை அதன் வழியே இறக்கிக்கொள்ளலாம்.