நிகழ்ச்சி மெயில் ஸ்பேமுக்குள் போகாமல் இருக்க: மூன்று வருட அனுபவம்

நிகழ்ச்சி தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, "பதிவு செய்தேன், மெயிலே வரவில்லையே" என்று போன் வரும். மூன்று வருடங்களுக்கு முன் இது எனக்கு வாடிக்கை. பயிலரங்குகளுக்கு அழைப்பும் பதிவு உறுதியும் அனுப்புவது என் பொறுப்பு. நான் அனுப்பியது உண்மை, போய் விழுந்தது ஸ்பேமில்.

எல்லோரையும் போல நானும் முதலில் தலைப்பில்தான் கை வைத்தேன். 'இலவசம்' போனது, ஆச்சரியக்குறிகள் போயின. ஒன்றும் மாறவில்லை. அப்புறம் ஒருநாள் ஸ்பேமில் கிடந்த மெயில் ஒன்றின் அசலை, அதாவது தொழில்நுட்ப விவரங்கள் தெரியும் வடிவத்தை, திறந்து பார்த்தேன். மெயில் உண்மையில் யாரிடமிருந்து வந்தது என்று பார்க்கும் மூன்று சோதனைகளின் முடிவு அதில் இருந்தது. எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு அனுமதி உண்டா) பாஸ், டிகிம் (மெயிலின் டிஜிட்டல் கையெழுத்து சரியா) பாஸ், டிமார்க் (அவற்றில் ஒன்றாவது அனுப்புநர் முகவரியோடு பொருந்துகிறதா) மட்டும் ஃபெயில். அது எப்படி? பாஸ் ஆன இரண்டும் மெயில் அனுப்பித் தரும் சேவையின் டொமைனுக்கு (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்). அனுப்புநர் இடத்தில் இருந்ததோ எங்கள் டொமைன். அடுத்தவர் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழையப் பார்த்த கதைதான்.

டிகிம் கையெழுத்தை எங்கள் டொமைனிலேயே போடும்படி டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்கள் இருக்கும் பொதுப் பதிவேடு) பதிவுகளைச் சேர்த்தேன். அதிலும் ஒரு கூத்து. ஏற்கெனவே இருந்த எஸ்பிஎஃப் வரியோடு சேர்த்து எழுதாமல், புதிதாக இன்னொரு எஸ்பிஎஃப் வரி போட்டுவிட்டேன். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே பிழையில் முடியும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

டிமார்க்கை முதலில் வெறும் கண்காணிப்பு நிலையில் வைத்தது நல்லதாகப் போயிற்று. எந்தெந்த சர்வர்கள் எங்கள் டொமைன் பெயரில் அனுப்புகின்றன என்று தினமும் அறிக்கை வந்தது. பதிவுப் பக்கம் இருக்கும் சர்வர் நேரடியாக அனுப்பிய மெயில்களை மறந்தே போயிருந்தேன். அவையும் அங்கே மாட்டின.

2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு விதிகளைக் கடுமையாக்கின. ஜிமெயில் கணக்கில் மொத்தம் என்றால் நாளுக்கு 5,000 மெயில். நாங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பதைப் படித்தபோது பகீரென்றது. ஆயிரம் பேரில் மூன்று பேர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தினால் கதை முடிந்தது.

யார் அழுத்துவார்கள்? எப்போதோ ஒருமுறை வந்துவிட்டு எங்களை மறந்தவர்கள். ஒரு வருடமாக எதற்கும் பதிவு செய்யாதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். மெயிலைத் திறந்தார்களா என்ற கணக்கை நம்பவில்லை. உள்ளே இருக்கும் படம் இறங்குவதை வைத்துத்தான் அந்தக் கணக்கு. ஆப்பிள் மெயில் 2021 முதல் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிக்கொள்வதால், திறக்காததும் திறந்ததாகத் தெரியும். பட்டியல் பாதியாகச் சுருங்கியது. கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் நான் செய்ததிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான். விலகும் இணைப்பையும் அடியில் ஒளித்து வைக்காமல் மேலே கொண்டுவந்தேன். விலக வழி தெரியாதவர்தான் ஸ்பேம் என்று அழுத்துகிறார்.

சுருக்கிய லிங்க்குகள், ஒரே படமாக ஒட்டிய போஸ்டர் இரண்டையும் விட்டுவிட்டேன். அழைப்புக்கு ஒரு துணை டொமைன் (எங்கள் டொமைனுக்குள் ஒரு தனிப் பிரிவு), பதிவு உறுதிக்கு இன்னொன்று என்று பிரித்தேன். ஒன்றின் பெயர் கெட்டாலும் மற்றது ஓரளவு தப்பிக்கும்.

இன்னும் தீராதது அலுவலக முகவரிகள். அங்கங்கே இருக்கும் வடிகட்டிகள் எதைப் பிடிக்கும், எதை விடும் என்று வெளியிலிருந்து கணிக்க முடியவில்லை. சரி என்று, பதிவு முடிந்ததும் திரையிலேயே இடமும் நேரமும் தெரியும்படி வைத்துவிட்டேன். இப்போது அந்தக் கால் மணி நேரத்தில் வரும் போன், "பார்க்கிங் எங்கே?" என்றுதான் கேட்கிறது.