காலையில் மட்டும் புகைத்த ஆல்ட்டோவும், 34,500 ரூபாய் ‘இன்ஜின் வேலை’யும்

எதிர்வீட்டு ஆச்சிதான் முதலில் சொன்னது. "ஏய்யா, காலையில உன் காரு விடுத பொகையில என் வடகமெல்லாம் வாடை அடிக்கு." நான் சிரித்துக்கொண்டே போய்விட்டேன். அன்றைக்கே ஒழுங்காக யோசித்திருந்தால் இந்தப் பதிவுக்கு வேலை இருந்திருக்காது.

வண்டி 2007 ஆல்ட்டோ. அப்பா வாங்கியது, 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எங்களுக்குச் சேரன்மகாதேவி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் திருநெல்வேலிக்குப் போய்வருவேன், மற்ற நாளெல்லாம் வேப்பமரத்தடியில் நிற்கும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து நீலப் புகை ஒரு கொத்தாக வரும். அரை நிமிஷம்தான், பிறகு சுத்தமாக நின்றுவிடும். பகலில் எத்தனை தடவை ஸ்டார்ட் செய்தாலும் வராது. ஆயிலும் குறைந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

இன்னொரு அடையாளமும் அப்போதே கண்ணில் பட்டது, எனக்குத்தான் புரியவில்லை. குடும்பத்தோடு புனலூர் போய்த் திரும்பும்போது, கோட்டைவாசலில் இருந்து புளியரை வரை இறக்கத்தில் ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் கியரிலேயே வந்தோம். கீழே இறங்கி ஆக்சிலேட்டரை மிதித்ததும், பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்திருந்த மகன், "அப்பா, பின்னாடி ஒரே பொகை" என்றான். ஒரே ஒரு கொத்து. அப்புறம் இல்லை. ஏற்றத்தில் போனபோது துளிகூட வரவில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் தொழில் தெரிந்த எவரும் "வால்வு சீலைப் பாருங்க" என்றிருப்பார். நான் போன இடத்தில் யாரும் கேட்கவில்லை.

அந்த ஒர்க்‌ஷாப் திருநெல்வேலியில் இருக்கிறது, நல்ல பெரிய இடம். பெயரைப் போடவில்லை, காரணம் பின்னால் வரும். மதியம் ஒரு மணிக்கு, இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சூடாக இருந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மேஸ்திரி பானட்டைத் திறந்தார், இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினார், ஆக்சிலேட்டரை முறுக்கினார். ஆவியாகக் கொஞ்சம் வந்தது, நாலு சொட்டு ஆயிலும் தெறித்தது.

"பாத்தியளா அண்ணாச்சி, மூச்சு விடுது. ரிங் போயிட்டு. இன்ஜினை எறக்கி போர் அடிச்சு, பிஸ்டன், ரிங் செட் மாத்தணும். இப்படியே ஓட்டினா அடுத்த எஃப்.சி.யில பாஸ் ஆவாது."

ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருந்து, மேலே எரியும் காற்று கீழே இறங்காமலும் ஆயில் மேலே ஏறாமலும் தடுக்கும் வளையம். போர் அடிப்பது என்றால் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சீராக்குவது. பிற்பாடு தெரிந்துகொண்டது: அந்த மூடிக்கு நேர்கீழேதான், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாப்ட் சுழல்கிறது. மூடியைத் திறந்துவைத்து முறுக்கினால் புது இன்ஜினிலும் ஆயில் தெறிக்கும், சூடான இன்ஜினில் லேசாக ஆவியும் வரும். உண்மையிலேயே ரிங் தேய்ந்து காற்று கீழே இறங்கினால் ஆவி பாய்ச்சலாக அடிக்கும். மூடியைத் தலைகீழாக அந்த வாயில் சும்மா வைத்துப் பார்த்தால் குதித்துக் குதித்து விழுந்துவிடும். அதுவும் முடிவான சோதனை இல்லை, ஒரு குறிப்பு மட்டும்தான். என் வண்டியில் மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. வீட்டில் வந்து வைத்துப் பார்த்தேன், பணம் கொடுத்த பிறகு.

எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) பயமும் சும்மா. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் புகைச் சோதனையில் பாஸ் ஆகியிருந்தது. அந்தச் சோதனையைச் சூடான இன்ஜினில் செய்கிறார்கள், காலைப் புகை அதில் தெரியவே தெரியாது.

மொத்தம் 34,500 ரூபாய் பேசி, இருபதாயிரம் முன்பணம் கொடுத்தேன். ஒன்பது நாள் கழித்து வண்டி வந்தது. பில் என்று கொடுத்தது ஒரு துண்டுத் தாள். ‘இன்ஜின் வேலை, சாமான், கூலி’ என்று ஒரே வரி, கீழே தொகை. ஜி.எஸ்.டி. எண் கிடையாது, கடை முத்திரை கிடையாது. பழைய சாமானைக் கேட்டு வாங்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரியும், கேட்டேன். ஒரு சாக்கில் மூன்று பிஸ்டனையும் கொஞ்சம் ரிங்குகளையும் போட்டுக் கொடுத்தார்கள். ஆல்ட்டோவுக்கு மூன்று சிலிண்டர். கணக்குச் சரியாக இருந்ததால் சாக்கை டிக்கியில் போட்டுவிட்டு நிம்மதியாக வந்தேன்.

மூன்று வாரம் புகை இல்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட்டர் முனகியது, ஸ்டார்ட் ஆன பிறகு வால்வுப் பக்கம் டப்பெட் சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது. நாலாவது வாரம் பழையபடி நீலப் புகை. போன் போட்டேன். "ரிங் செட் ஆவணும்லா, ரெண்டாயிரம் ஓட்டுங்க" என்றார். புது ரிங் பதிய கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பது உண்மைதான். உண்மை கலந்த பொய்யாக இருந்ததால் நானும் நம்பி ஓட்டினேன். அவர் வாயால் சொன்ன மூன்று மாத வாரண்டி அதற்குள் முடிந்துபோனது.

அப்புறம் மைத்துனர் சொல்லி, பேட்டைப் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். போர்டுகூட இல்லாத ஷெட். அவர் பானட்டையே திறக்கவில்லை. "எப்பம் பொகை வருது? ஏத்தத்திலயா, எறக்கத்திலயா? காலையிலயா, எப்பவுமா?" என்று கேட்டார். சொன்னேன். "சாவியைக் குடுத்துட்டுப் போங்க. நைட்டு இங்க நிக்கட்டும். காலையில நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கேன். நீங்க ஏழு மணிக்கு வந்துருங்க."

அவர் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. வால்வின் தண்டைக் கவ்விக்கொண்டு, மேலே இருக்கிற ஆயில் கீழே இறங்காமல் தடுப்பது ஒரு சின்ன ரப்பர் சீல். சூட்டிலும் வயதிலும் அது கருவாடு மாதிரி விறைத்துவிடும். இரவில் ஆயில் தண்டு வழியாகக் கசிந்து உள்ளே தங்கும், காலையில் அது எரிவதுதான் அந்த அரை நிமிஷப் புகை. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் உள்ளே பலமாக உறிஞ்சும், அப்போதும் சீல் வழியாக ஆயில் இறங்கும், மறுபடி மிதித்ததும் புகையாக வரும். ரிங் போனால் கதை வேறு: ஏற்றத்தில், பாரத்தில், சூடான பிறகும் விடாமல் புகைக்கும், இழுவையும் குறையும். (மார்கழிக் காலையில் வருகிற வெள்ளை ஆவி வெறும் தண்ணீர்தான், அதைக் கண்டு பயந்து எங்கும் ஓடாதீர்கள். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கூலன்ட்டும் குறைந்தால்தான் கவலை.)

பிளக்குகளைக் கழற்றினார். இரண்டில் ஆயில் ஈரம், ஒன்று காய்ந்து நன்றாக இருந்தது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்த்ததில் 160, 155, 160 பி.எஸ்.ஐ. பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டு மறுபடி பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து எண் நன்றாக ஏறும். என்னுடையதில் ஐந்து புள்ளிதான் ஏறியது, அதாவது ரிங் நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனைக்கும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நான் மெல்ல, "போர் அடிச்சு மூணு மாசம்தான் ஆகுது, நல்லாத்தானே இருக்கும்" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, டார்ச் அடித்துக் கீழே காட்டினார். பிஸ்டனை வெளியே எடுக்க வேண்டுமானால், இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பைக் கழற்றியாக வேண்டும். அந்தச் சம்ப் விளிம்பு முழுக்க வருஷக்கணக்கான ஆயிலும் மண்ணும் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருந்தது. போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. மேலே ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) உட்காரும் கேஸ்கெட் ஓரமும் அப்படியே. ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்தவர், "கெட்டி ஆயிலை ஊத்தி, கூட மருந்தும் விட்டிருக்கான். கெட்டியா இருந்தா சீல்ல மெதுவா எறங்கும், கொஞ்ச நாளைக்குப் பொகை தெரியாது. அதான் காலையில ஸ்டார்ட்டர் இழுக்க மாட்டேங்கு" என்றார்.

அப்படியானால் சாக்கில் இருப்பது யார் பிஸ்டன்? டவுனில் ஒரு லேத் கடைக்குக் கொண்டுபோய் வெர்னியர் வைக்கச் சொன்னேன். என் ஆல்ட்டோவின் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ. பிஸ்டன் அதைவிட மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். மூன்றுமே 71.9 காட்டின. லேத்காரர் சிரித்துவிட்டார். "இது ஜென் பிஸ்டன்லா. இது எப்படி அண்ணாச்சி ஒங்க வண்டிக்குள்ள போச்சு?" பழைய ஜென்னின் சிலிண்டர் விட்டம் 72. அதற்கு நாலு சிலிண்டர். எனக்கென்று மெனக்கெட்டு மூன்றை எண்ணிப் போட்டிருக்கிறார்கள், அந்தத் தொழில்பக்தியை நான் மெச்சத்தான் வேண்டும்.

பெரியவர் ஹெட்டைக் கழற்றவில்லை. பிளக் ஓட்டை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, வால்வு கீழே விழாமல் நிறுத்தி, மேலே ராக்கரையும் ஸ்பிரிங்கையும் எடுத்துப் பன்னிரண்டு சீலையும் மாற்றினார். பழைய சீல்களை என் கையில் கொடுத்தார், நகத்தால் அழுத்தினால் ஒடிந்தன. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும், அடைத்துக் கிடந்த பிரீதர் குழாயையும் சுத்தம் செய்து, கம்பெனி சொல்கிற ஆயிலை ஊற்றினார். சீல், ஆயில், பில்டர், கூலி எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். இப்போது 2,400 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் ஒரு நூல் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிஸ்டன்களைத் தூக்கிக்கொண்டு முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "பையன் சாக்கை மாத்திப் போட்டிருப்பான்" என்றார் முதலாளி. சம்ப் விளிம்பை எடுத்த போட்டோவைக் காட்டினேன். குரல் தணிந்தது. இரண்டு தவணையாகப் பன்னிரண்டாயிரம் திருப்பிக் கொடுத்தார், மீதிக்கு "பாப்போம்" என்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் வரை நேரம் இருக்கிறது, ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் என் கையில் இருப்பது முத்திரை இல்லாத அந்தத் துண்டுத் தாள். ஜிபே-யில் அனுப்பிய இருபதாயிரத்துக்கு மட்டும்தான் தடயம் உண்டு, மீதியை ரொக்கமாகக் கொடுத்துத் தொலைத்தேன். பெயரைப் போடாததற்கு அதுதான் காரணம்.

சாக்கு இன்னும் என் டிக்கியில்தான் இருக்கிறது. திருநெல்வேலியில் சமீபத்தில் பழைய ஜென்னுக்கு இன்ஜின் வேலை பார்த்து, சாமானை வாங்காமல் வந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உங்கள் பிஸ்டன் மூன்று என்னிடம் பத்திரமாக இருக்கலாம்.