நாக்கு வழிப்பானும் ஃபிளாஸ் நூலும்: மூன்று வருஷ அனுபவம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை அளவு எடுக்கும்போது என் முகத்துக்கும் வந்தவர் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. 2022 தீபாவளிக்கு முன்பு, வழக்கமாக வரும் ஒரு பெண் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. வாய் வாடை வருது. சொந்த அக்காவா நெனச்சுத்தான் சொல்றேன்" என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. ஆனால் அவள் சொல்லியிராவிட்டால் இன்னும் எத்தனை பேர் முகத்தைத் திருப்பியிருப்பார்களோ! அவளுக்கு நன்றியாகத்தான் இதை எழுதுகிறேன்.

வயிற்றுக் கோளாறு என்று முதலில் நினைத்தேன். ஓமத் தண்ணீர் குடித்தேன், கிராம்பு மென்றேன், வாய் கொப்பளிக்கும் மருந்து வாங்கினேன். எதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. கடைசியில் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனேன். பெரும்பாலும் வாடை வயிற்றிலிருந்து வருவதில்லை, வாயிலேயே உண்டாகிறது என்றார் டாக்டர். நாக்கின் பின்பக்கத்திலும் பல் இடுக்கிலும் தங்கும் கிருமிகள் உணவுத் துணுக்கைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுகின்றன. தூங்கும்போது எச்சில் குறைவதால் காலையில் அது தூக்கலாக இருக்கும். பகலில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். கடையை விட்டு நகர முடியாதென்று நான் மாலைவரை ஒரு குவளைகூடக் குடிப்பதில்லை. அதுவும் ஒரு காரணம். பல்லில் கட்டியிருந்த காரையையும் சுரண்டி எடுத்துவிட்டார்.

நாக்கு வழிக்கச் சொன்னபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடும் அவசரத்திலும், லயத்து வீட்டுக் குழாயடியில் தென்னை ஈர்க்கை இரண்டாகக் கிழித்து, வளைத்து நாக்கு வழிக்காமல் போகமாட்டார். டவுனுக்கு வந்த பிறகு பிரஷும் பேஸ்டும் போதுமென்று அந்தப் பழக்கத்தை விட்டவள் நான்.

மளிகைக் கடையில் ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) எவர்சில்வர் வழிப்பான் வாங்கினேன். முதல் இரண்டு வாரம் குமட்டியது. மூச்சை வெளியே விட்டபடி, பின்னாலிருந்து முன்னால் மெதுவாக நாலைந்து தடவை இழுத்தால் குமட்டல் வராது. அழுத்தக் கூடாது, ஒருமுறை அழுத்தி ரத்தம் பார்த்துவிட்டேன். இடையில் வாங்கிய பிளாஸ்டிக் வழிப்பான் சில மாதத்தில் வளைந்துவிட்டது. எவர்சில்வர் இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆனால் வாடை வாயிலேயே உண்டாகிறது என்று என்னை நம்ப வைத்தது, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூல்தான். முதலில் கடையிலிருந்த தையல் நூலையே எடுத்துப் பார்த்தேன், ஈறு அறுபட்டுவிட்டது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பிறகு ஃபார்மசியில் வாங்கிய நூலைக் கடைவாய்ப் பல் இடுக்கில் விட்டு எடுத்து முகர்ந்தேன். அந்தப் பெண் சொன்ன வாடை அங்கேதான் இருந்தது! ஆரம்பத்தில் ஈறில் ரத்தம் கசிந்தது. விடாமல் செய்ததில் இரண்டு வாரத்தில் நின்றது. இப்போது இரவில் ஃபிளாஸ் போட்டு, ஃபுளோரைடு பேஸ்டால் இரண்டு நிமிஷம் துலக்காமல் நான் படுப்பதில்லை.

கொப்பளிக்கும் மருந்தை நிறுத்திவிட்டேன். நான் வாங்கியதில் ஆல்கஹால் இருந்தது, வாய் இன்னும் வறண்டது. பூண்டு வாடைக்கு மட்டும் இதெல்லாம் உதவாது. அது ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வருவது, தானாக அடங்க வேண்டும். பூண்டுத் துவையல் எங்கள் வீட்டில் கடை அடைத்திருக்கும் நாளுக்கு முந்தின இரவுதான். மாமியாரின் செட்டுப் பல்லை இரவில் கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் போட்டு வைக்கிறோம், அவருக்கும் வித்தியாசம் தெரிகிறது.

என் நாத்தனார் நான் செய்வதையெல்லாம் இரண்டு மாதம் செய்தும் வாடை போகவில்லை. டாக்டர் தொண்டையைப் பார்த்தார். டான்சில் குழிகளில் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டிகள் இருந்தன. அவளுக்கு வைத்தியம் இப்போது அங்கேதான் நடக்கிறது.