எண் மறைய வேண்டும், நிறம் நிற்க வேண்டும்: எக்செல், கால்க், கூகுள் ஷீட்ஸ்

ஒரு வகுப்பின் மதிப்பெண்களை எல்லாம் ஒரே தாளில் ஏற்றி, 35-க்குக் கீழே சிவப்பு, 60 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை என்று கண்டிஷனல் ஃபார்மட்டிங் (மதிப்பைப் பார்த்துத் தானே நிறம் பூசும் விதி) கொடுத்துவிட்டால், எந்தப் பாடத்தில் வகுப்பே தடுமாறுகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அதே தாளை ஒரு கூட்டத்தில் திரையில் காட்டும்போது எண்கள் கண்ணை உறுத்தும். நிறம் மட்டும் இருந்தால் போதும் என்று தோன்றும். எழுத்தை மறைத்து நிறத்தை நிறுத்தும் இந்தச் சின்ன வேலையை எக்செல், லிப்ரே ஆபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் என்ற மூன்று விரிதாள் மென்பொருள்களும் செய்கின்றன. ஆனால் மறைப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

பலரும் முதலில் கைவைப்பது எழுத்தின் நிறத்தில்தான். சிவப்புக் கட்டத்துக்குச் சிவப்பு எழுத்து, பச்சைக்குப் பச்சை என்று ஒவ்வொரு விதியிலும் அமைத்துவிட்டால் எண் தெரியாது. விதிகள் இரண்டு மூன்று இருக்கும்வரை இது ஓடும். மதிப்புக்கு ஏற்ப நிறத்தைப் படிப்படியாக மாற்றும் கலர் ஸ்கேலுக்கு வந்தால் ஒவ்வொரு செல்லுக்கும் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதால், அதற்கு ஈடாக எழுத்தின் நிறத்தை மாற்ற அந்த விதியில் வழியே கிடையாது. எக்செலில் கறுப்பு வெள்ளையாக அச்சிடும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தாலோ நிறம் போய், ஒளித்து வைத்த எண்கள் கறுப்பில் வந்து நிற்கும்.

சரியான வழி எண் வடிவத்தில் இருக்கிறது. செல்களைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலையும் 1-ஐயும் சேர்த்து அழுத்தி, கஸ்டம் என்ற பகுதியில் ;;; என்று மூன்று அரைப்புள்ளிகளை மட்டும் இட வேண்டும். நேர் எண், எதிர் எண், பூஜ்யம், சொல் என்று நான்கு வகைக்கும் தனித்தனி வடிவம் கொடுக்கும் இடம் அது. நான்கையும் காலியாக விட்டால் செல் எதையும் காட்டாது. கண்டிஷனல் ஃபார்மட்டிங் பார்ப்பது செல்லின் மதிப்பைத்தான், அதன் தோற்றத்தை அல்ல என்பதால் நிறம் அப்படியே இருக்கும். மூன்றுக்குப் பதில் இரண்டு அரைப்புள்ளிகள் மட்டும் இட்டால் எண்கள் மறைந்து சொற்கள் நிற்கும். தேர்வுக்கு வராதவர்களுக்கு ‘வரவில்லை’ என்று எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது மிகவும் வசதியானது.

இவ்வளவு சுற்றிப் போக வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. எக்செல் 2007-இல் டேட்டா பாரும் (மதிப்பைப் பட்டையின் நீளமாகக் காட்டுவது) ஐகான் செட்டும் (சிறு குறிப்படங்களாகக் காட்டுவது) வந்தபோதே பட்டையை மட்டும் காட்டு, ஐகானை மட்டும் காட்டு என்று ஆளுக்கொரு தேர்வுப் பெட்டி வைத்தார்கள். கூடவே வந்த கலர் ஸ்கேலுக்கு மட்டும் அது இல்லை. அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அந்தப் பெட்டியைக் காணோம். ஆனால் நிபந்தனை விதிக்குள்ளேயே எண் வடிவத்தையும் சேர்க்க எக்செல் இடம் கொடுக்கிறது. இதனால் 35-க்குக் கீழே உள்ள எண்களை மட்டும் மறைத்து மற்றவற்றைக் காட்டவும் முடிகிறது. எனக்கு எக்செலைப் பிடித்துப்போக இதுவும் ஒரு காரணம்.

மூன்று அரைப்புள்ளிகளுக்கும் கட்டுப்படாதவை பிழைக் குறிகள். பூஜ்யத்தால் வகுத்த சராசரி ஒன்று இருந்தால், அதன் குறி நிறங்களுக்கு நடுவே பளிச்சென்று தெரியும். பிழை வந்தால் அதற்குப் பதில் வேறொன்றைத் தரும் இஃப்எரர் (IFERROR) கொண்டு ஃபார்முலாவைச் சுற்றுவதுதான் வழி. இதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. எக்செல் தாளை சிஎஸ்வி (CSV, காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதே கோப்பில் போகும் என்பதால், மறைத்த மதிப்பெண்கள் அனைத்தும் வெற்றிடமாகிவிடும். ஆகவே மூலத் தாளில் இந்த வடிவத்தை வைக்காமல், காட்டுவதற்கென்று ஒரு நகல் தாளில் மட்டும் வைப்பது நல்லது.

மறைத்த செல்லின் மேல் சொடுக்கினால் தாளுக்கு மேலே உள்ள ஃபார்முலா பாரில் எண் வந்துவிடும். அதையும் மறைக்க, செல் வடிவமைப்பின் பாதுகாப்புப் பகுதியில் ‘மறை’ என்பதைக் குறித்துவிட்டு ஷீட்டைப் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகும் வேறொரு ஷீட்டில் அந்தச் செல்லைச் சுட்டி ஒரு சமக்குறிச் சூத்திரம் எழுதினால் எண் வந்து விழும். ஷீட் பூட்டு ரகசியக் காப்புக்கான வசதி அல்ல என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் மூன்று அரைப்புள்ளிகள் வேலை செய்யும். கூடவே செல் பாதுகாப்பில் ‘அனைத்தையும் மறை’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஷீட்டைப் பூட்டியதும் எழுத்து போய்விடும், நிறம் நிற்கும், எண் வடிவத்தைத் தொடவே வேண்டியதில்லை. காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருளில் இந்த வேலை இவ்வளவு நேராக இருப்பது பாராட்டுக்குரியது. கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் நிறத்தை நேராகத் தராமல், ஸ்டைல் எனப்படும் பெயரிட்ட வடிவமைப்புகள் வழியாகவே தர வேண்டும் என்பதுதான் புதியவர்களுக்குச் சலிப்பைத் தரும்.

கூகுள் ஷீட்ஸிலும் அதே வடிவத்தைக் கஸ்டம் எண் வடிவத்தில் இடலாம், கலர் ஸ்கேலும் குலையாது. ஆனால் நிபந்தனை விதிக்குள் எண் வடிவம் வைக்க இயலாது. பாதுகாப்பு வசதி திருத்துவதைத் தடுக்குமே தவிரப் பார்ப்பதைத் தடுக்காது. இணைப்பு கிடைத்த எவரும் செல்லைத் தொட்டு ஃபார்முலா பாரில் மதிப்பெண்ணைப் படித்துவிடலாம். திரையில் காட்ட மட்டும் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். பிள்ளைகளின் மதிப்பெண்கள் உள்ள கோப்பைப் பிறரோடு பகிர்வதானால் கூடாது. அதற்கு நிறத் தாளைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாம். கோப்பாகவே வேண்டும் என்று கேட்டால், மதிப்பெண்களை 1, 2, 3 என்று நிலைகளாக மாற்றி, வெறும் மதிப்புகளாக ஒட்டிய ஒரு புதிய கோப்பைக் கொடுக்கலாம். அதில் யார் எந்தச் செல்லைத் தொட்டாலும் கிடைப்பது, நிறம் ஏற்கெனவே சொல்லிவிட்ட நிலை மட்டுமே.